‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றால் ஏன் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதை விபத்துச் செய்திகளில் ஒரு வரி மாறாமல் வருகிறது. ‘பிரேக் பிடிக்காததால் வேன் கட்டுப்பாட்டை இழந்தது.’ அதோடு செய்தி முடிந்துவிடும். பிறகு எத்தனை பேர் காயம், எந்த மருத்துவமனை என்று போய்விடும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிற்சாலையில் தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் நின்றுபோனால் பதிவேட்டில் ‘மெஷின் நின்றுவிட்டது’ என்று மட்டும் எழுத முடியாது. பேரிங் போனதா, பெல்ட் அறுந்ததா, போனது ஏன், அதற்கு முன் சத்தம் வந்ததா, வந்தபோது யார் கவனித்தது என்று எழுதினால்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். மனிதர்கள் பயணம் செய்யும் வண்டிக்கு மட்டும் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற பாதி வாக்கியம் போதும் என்று ஆகிவிட்டது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் 2006 மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. ஓய்வு பெற்றபின் 2017-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். ‘அண்ணா, வர்ற செவ்வாய்க்கிழமை போறீங்களா?’ என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மனம் வராது.

போன ஐப்பசியில் ஒரு நாள் என் மனைவியைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்து லைன் பெண்கள் மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். அன்றைக்குச் சாலை காலியாக இருந்தது. செகண்ட் கியரில் இறங்க வேண்டிய இடங்களில் தேர்டில் இறங்கினேன். அது என் தப்பு.

அட்டகட்டி தாண்டிய பிறகு பெடல் கொஞ்சம் மெத்தையாக இருப்பதைக் கால் உணர்ந்தது. பஞ்சு மூட்டை மேல் கால் வைத்த மாதிரி. வண்டி நின்றது, ஆனால் வழக்கத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. ‘பழைய வண்டிதானே’ என்று நானும் நினைத்தேன். 17-ஆம் வளைவுக்குக் கொஞ்சம் மேலே பெடல் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. இரண்டு மூன்று தடவை வேகமாகப் பம்ப் பண்ணினேன். பாதி எழுந்தது. செகண்டுக்கு இறக்கி, பிறகு ஃபர்ஸ்ட்டுக்கு இறக்கி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்துக் கால்வாயை ஒட்டி நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்த பெண்களுக்கு எதுவும் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. என் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டாளாம்.

முன் சக்கரங்களின் பக்கம் போனாலே அனல் அடித்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பெடலை அழுத்திப் பார்த்தால் பழையபடி இருக்கிறது! ஒன்றுமே நடக்காத மாதிரி. இதுதான் ஆபத்தான இடம். ஓட்டுநர்கள் பலர் இந்தக் கட்டத்தில் ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

நடந்தது என்ன என்று தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது எண்ணெய் இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் ஒரு திரவம். அதை ஊற்றி வைக்கும் டப்பா மூடியின் சிறு துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆண்டு முழுக்க ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தேயிலைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். திறந்து வைத்தால் ஏறிவிடும், தூள் கெட்டுவிடும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே தரம் சொல்கிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறிய பின் 155. மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் டிஸ்க்கின் சூடு உள்ளே ஏறி அந்த ஈர ஆயில் கொதிக்கும். கொதித்தால் ஆவிக் குமிழி. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி முனையைப் பொத்திக்கொண்டு அழுத்திப் பாருங்கள், அசையாது. உள்ளே ஒரு குமிழி இருந்தால் அமுங்கும். காலின் பலம் முழுவதையும் அந்தக் குமிழியே வாங்கிக்கொள்ளும், சக்கரத்துக்குப் போகாது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் எழுந்துவிடும். அதனால்தான் விபத்துக்கு மறுநாள் பரிசோதித்தால் ‘பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஓட்டுநர் மீதே பழி விழவும் கூடும்.

என் வண்டியில் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று கேட்டால், நான் வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. குறைந்தால் ஊற்றினேன். இன்ஜின் ஆயிலை ஒருநாள்கூடத் தவறவிடாதவன் இதை விட்டுவிட்டேன். தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு எங்களுக்குப் பக்கம். ஜூனில் தொடங்கினால் சுவரில் மாட்டிய காலண்டர்கூட நமுத்துப்போகும் ஊர். இங்கே ஓடும் வண்டிக்கு எவ்வளவு ஈரம் ஏறியிருக்கும்!

ஃபர்ஸ்ட் கியரிலேயே உருட்டி இறங்கி, அடிவாரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். பையன் ஏர் எடுத்தான், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினான், டப்பாவை நிரப்பினான், 300 ரூபாய் வாங்கினான். பெடல் நன்றாக இருந்தது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் சமதளத்திலேயே மெத்தையானது. பொள்ளாச்சியில் பெரிய பட்டறை ஒன்றுக்குப் போனேன். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே அவர்கள் மாற்றிவிட்டார்கள். ஆனது 1,800 ரூபாய், கூலி தனி. பெடல் கொஞ்சம் தேறியது, முழுக்கத் தேறவில்லை. கேட்டதற்கு, ‘பழைய வண்டிங்க, பெடல் அப்படித்தானுங்க இருக்கும்’ என்றார்கள்.

இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருபது வருஷ வண்டியின் கதவு கிறீச்சிடலாம், பெயின்ட் உரியலாம். பெடல் மெத்தையாவது வயசு இல்லை. எங்கேயோ காற்று இருக்கிறது, அல்லது ஆயில் கசிகிறது, அல்லது ரப்பர் வீங்குகிறது, அல்லது டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. இந்த நான்கில் எது என்று தேடாமல் பாகத்தை மாற்றுவது காய்ச்சலுக்கு வீட்டை மாற்றுவது போல.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். முதலில் ஒரே அழுத்தமாகப் பெடலை மிதித்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று அர்த்தம். என் பெடல் இறங்கவில்லை. அடுத்து, பம்ப் பண்ணினால் எழுகிறதா என்று பார்த்தேன். எழுந்தது. அப்படியானால் காற்று, அல்லது இடைவெளி. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கைப்பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துக்கொண்டு பெடலை மிதிக்க வேண்டும். பெடல் நன்றாக மேலேயே நின்றுவிட்டால் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, அட்ஜஸ்ட் செய்தால் போதும். எனக்கு ஒரு துளிதான் உயர்ந்தது, மெத்தை அப்படியே இருந்தது. ஆகவே காற்று.

பூஸ்டர், அதாவது கால் அழுத்தத்துக்குத் துணைபுரியும் கருவி, உள்ள வண்டிக்காரர்களுக்கு இடையில் ஒன்று. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்தால் கட்டையாகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே போகும். அது பழுது இல்லை, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பயந்து பட்டறைக்கு ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

காற்று எந்தச் சக்கரத்தில் என்று அடுத்துத் தேட வேண்டும். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் துணி சுற்றி, பல் இல்லாத கிளாம்ப் போட்டு மெதுவாக நெரித்து, ஒவ்வொன்றாகப் பெடலைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டையும் நெரித்தும் மெத்தை போகவில்லை. பின்பக்க ஹோஸை நெரித்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. பழுது பின்னால்! பழைய ஹோஸை இப்படி நெரித்தால் உள்ளே விரிசல் விடலாம், அதனால் வேலை முடிந்ததும் ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன்.

இடது பின் டிரம்மைக் கழற்றினேன். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மடக்கியதும் உள்ளே ஈரம். வெளியே சொட்டு விழும் அளவுக்கு இல்லை. லைனிங் தூளோடு சேர்ந்து சேறு போலக் காய்ந்திருந்தது. சிலிண்டரின் உள்சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி துரு. ஆயிலில் சேர்ந்த தண்ணீர்தான் அந்தத் துருவுக்கும் காரணம். துரு ரப்பர் கப்பின் விளிம்பைக் கிழித்திருந்தது. மலையில் கொதித்ததும் அந்தத் தண்ணீர், இங்கே அரித்ததும் அந்தத் தண்ணீர்.

இரண்டு பட்டறைகளிலும் இது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு விடை டிரம்முக்குப் பின்னால் உள்ள தட்டின் மறுபக்கம் இருந்தது. அந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கும் நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதன் மேல் அப்பியிருந்த மண் கலையவே இல்லை. ஸ்பேனர் பட்ட தடமும் இல்லை. திருப்பினால் முறிந்துவிடும் என்று பயந்து இரண்டு இடத்திலும் மூன்று சக்கரத்தில் மட்டும் ஏர் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நாலாவது சக்கரத்தில் காற்று அப்படியே உட்கார்ந்திருந்தது. ‘ஒரு நிப்பிள் திரும்பலீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவர்களைக் கும்பிட்டிருப்பேன். வீல் சிலிண்டர் புதிதாகவே 300 ரூபாய்க்கும் குறைவு. நிப்பிளும் அதோடு வந்துவிடும்.

இரண்டு பின்சக்கரங்களுக்கும் புது வீல் சிலிண்டர் போட்டு, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றினேன். பால் விடாத டீயின் நிறத்தில் வந்தது. புது ஆயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளிறிய தேன் மாதிரி இருக்கிறது. என் மனைவிதான் பெடலில் உட்கார்ந்தாள். ‘அழுத்து’ என்றால் அழுத்தி, ‘பிடிச்சுக்கோ’ என்றால் பிடித்துக்கொண்டாள். நான் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு ஆயில் டியூப் வழியாகப் புட்டிக்குள் போனதும் மூடிவிட்டு ‘விடு’ என்பேன். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், பாடுபட்டதெல்லாம் வீண். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி நெருங்கி வருவது பொதுப் பழக்கம்; வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்ய வேண்டும். நடுவில் டப்பா வற்ற விடக் கூடாது.

பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையும் வைத்திருந்தேன். இதைப் பட்டறைத் தம்பிகளுக்காக எழுதுகிறேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் பாதித் தூரம்தான் போய் வரும். மீதித் தூரத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அந்தத் துருவின் மேல் ஏறிக் கிழியும். நல்ல மாஸ்டர் சிலிண்டரையும் இப்படிக் கெடுத்துவிட்டு, ‘அதுவும் போச்சுங்க’ என்று புதிது மாற்றுவார்கள். எனக்கு மாற்றியது புதிதுதான், இருந்தாலும் பழக்கம் பழக்கமாக இருக்கட்டும் என்று கட்டையை வைத்தேன்.

இன்னொன்று. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ ஸ்டீரிங் ஆயிலையோ பிரேக் டப்பாவில் ஊற்றுகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு மூடி அளவு போனாலும் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய்விடும். பிறகு மாஸ்டரிலிருந்து நாலு சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்றினால்தான் உண்டு.

இப்போது என் வேண்டுகோள்.

எந்தப் பட்டறையில் இன்ஜின் ஆயில் மாற்றினாலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். பிரேக் ஆயிலுக்கு அப்படி ஒரு சீட்டை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில், அரை லிட்டர் புட்டியில் வேலை முடிந்துவிடும். மலையில் ஓடும் வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் மாற்றுவது நல்லது. அந்தச் சீட்டை ஒட்டும் பழக்கத்தை மலையடிவாரப் பட்டறைகள் தொடங்க வேண்டும்.

மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. என் ஆம்னி போன்ற சொந்த வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டு வரை யாரும் பார்ப்பதில்லை. அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. நான் 2021-இல் புதுப்பித்தேன். அதிகாரிகள் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள், பிடித்தது. சமதளத்தில், ஆறிய சக்கரத்தில் பிடிக்கத்தான் செய்யும். ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று சொல்லும் பேனா அளவுக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. டப்பாவைத் திறந்து முனையை நனைத்தால் விளக்கு எரியும். மலை மாவட்டங்களிலாவது எஃப்.சி. எடுக்கும்போது இந்த ஒரு நிமிடச் சோதனையையும் சேர்க்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று நிறுத்திப் பார்க்கிறார்கள், நல்ல காரியம். மலையேறும் வண்டியை ஏற்கெனவே நிறுத்தும் இடம் அது. ‘எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் இறங்காதீர்கள், பெடல் மெத்தையானால் நிறுத்துங்கள்’ என்று ஒரு துண்டுத்தாளை அங்கேயே ஓட்டுநர் கையில் கொடுக்கலாம்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ‘பிரேக் பிடிக்காததால்’ என்று செய்தி வந்தால், உங்கள் நிருபர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும். பெடல் எத்தனை நாளாக மெத்தையாக இருந்தது? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? ஓட்டுநர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லையென்றால் உரிமையாளரிடம். பதில் எதுவானாலும் அச்சிடுங்கள்.

கழற்றிய இடது வீல் சிலிண்டரை எடுத்துக்கொண்டு அடிவாரத்துப் பட்டறைப் பையனிடம் போனேன். சண்டைக்குப் போகவில்லை. உள்ளே விரலை விட்டுத் துருவைத் தடவிப் பார்த்தவன், ‘நிப்பிள் டைட்டா இருந்துச்சுங்கண்ணா, சொல்லியிருக்கணும்’ என்றான். அதை அவனிடமே கொடுத்துவிட்டேன். போன வாரம் போனபோது ஸ்பேனர் மாட்டும் பலகையில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தான். அன்றைக்கு ஒரு பழைய வேனின் பின்சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, இறுகிப்போன நிப்பிளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி ஊற வைத்திருந்தான். வண்டிக்காரர் அவசரப்பட்டார். ‘இது கழன்றாத்தான் அனுப்புவேனுங்க’ என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்,
வால்பாறை.